போர் ஹெல்மெட் வந்தது துப்பாக்கிக் குண்டுக்காக இல்ல

வணக்கம் மக்களே. ராணுவத் தொழில்நுட்பம்னு எடுத்தாலே டாங்கி, ஏவுகணை, ட்ரோன்னுதான் பேச்சு போகும். இன்னிக்கு நான் பேசப்போறது ஹெல்மெட்டைப் பத்தி. ரொம்ப நாளா மனசுல இருந்த விஷயம் இது.

1914-ல முதல் உலகப் போர் ஆரம்பிச்சப்போ பிரெஞ்சு, பிரிட்டிஷ் வீரர்கள் தலையில இருந்தது வெறும் துணித் தொப்பி. ஜெர்மன் வீரர்களுக்கு உச்சியில கூர் வெச்ச தோல் தொப்பி. கொஞ்ச மாசத்துல எல்லாரும் பதுங்குகுழிக்குள்ள இறங்கிட்டாங்க. உடம்பு மண்ணுக்குள்ள, தலைக்கு மேல திறந்த வானம். பீரங்கி ஷெல் மேலேயே வெடிச்சு, சிதறல் மழையா கொட்டுது. தலைக்காயம் குவிய ஆரம்பிச்சுது.

பிரெஞ்சு ராணுவத்துல லூயி அட்ரியன்னு ஒரு அதிகாரி. சப்ளை பிரிவு ஆளு. முதல்ல துணித் தொப்பிக்கு அடியில போட்டுக்க ஒரு இரும்புக் கிண்ணம் கொடுத்தாங்க. அப்புறம் 1915-ல அவர் பேர்லயே முழு ஹெல்மெட் வந்துடுச்சு. எடை முக்கால் கிலோ சுமார், தகடு ஒரு மில்லிமீட்டர்கூட கிடையாது. நேரா வர்ற துப்பாக்கிக் குண்டு இதைத் துளைச்சிட்டுப் போயிடும். அப்புறம் எதுக்கு இது? ஷெல் துண்டு கோணல்மாணலா இருக்கும், காத்துல சீக்கிரம் வேகம் குறைஞ்சிடும். அதுல பலதைத் தடுக்க இந்த மெல்லிசுத் தகடே போதும். எத்தனை உயிர், யோசிச்சுப் பாருங்க!

அதே வருஷம் பிரிட்டன்ல ஜான் பிராடி கவிழ்த்த தட்டு மாதிரி ஒண்ணு செஞ்சார், ஒரே தகட்டுல அழுத்தினது. 1916-ல ஜெர்மன்காரங்க காது, பின்கழுத்து வரைக்கும் இறங்குற மாதிரி செஞ்சாங்க. அதோட ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும் பாருங்க, நெத்திக்கு ஒரு கனமான கூடுதல் தகடு மாட்டத்தான் அது. அந்தத் தகட்டோட கனத்துல கழுத்து தாங்காது, அதனால பெரும்பாலானவங்க போடவே இல்ல.

அப்புறம் ரொம்ப காலம் எஃகுதான். 1965-ல அமெரிக்க வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடிச்ச இழைதான் பின்னாடி கெவ்லர் ஆச்சு, எடை குறைவு, ஆனா ரொம்ப உறுதி. 1980-கள்ல அமெரிக்க வீரர்கள் தலைக்கு அந்த கெவ்லர் ஹெல்மெட் வந்துது.

இப்போ என்னை அசர வெச்ச விஷயத்துக்கு வரேன். 2020-ல டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மூணு பழைய ஹெல்மெட்டையும் ஒரு நவீன அமெரிக்க ஹெல்மெட்டையும் எடுத்து, பொம்மைத் தலையில மாட்டி, மேலேயிருந்து அதிர்வலையை அடிச்சுப் பார்த்தாங்க. சிதறல் இல்ல, வெடிப்போட அழுத்தம் மட்டும். எல்லாமே வெறுந்தலையை விட நல்லா காப்பாத்துச்சு. ஆனா உச்சந்தலையில அழுத்தம் ரொம்ப குறைஞ்சது எதுல தெரியுமா? நூறு வருஷப் பழசான அட்ரியன்ல!

காரணம் உச்சியில சேவல் கொண்டை மாதிரி ஓடுற அந்த முகடா இருக்கலாம்னு சொல்றாங்க, அதிர்வலையை ரெண்டு பக்கமும் விலக்கிவிடுதாம். அட்ரியன் அதை வெச்சது அதிர்வலைக்காக இல்ல. அடியில இருக்கிற காத்துத் துளையை மூடவும், மேலே விழுற அடியைத் தாங்கவும்தான். இது ஒரு கோணத்துல நடந்த சோதனை. குண்டுக்கு நவீன ஹெல்மெட் எவ்வளவோ மேல், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அந்த நவீன ஹெல்மெட்டும் குண்டு, சிதறல், மோதல் இதையெல்லாம் மனசுல வெச்சு வடிவமைச்சதுதான். வெடிப்போட அதிர்வலையால, வெளியே காயமே தெரியாம மூளையில பாதிப்போட வீட்டுக்குத் திரும்புற வீரர்கள் இன்னிக்கும் இருக்காங்க. அடுத்த ஹெல்மெட்டை வரையறவங்க மேஜையில அந்தக் கொண்டையும் இருக்கணும்னு நான் மனசார ஆசைப்படுறேன்.