ஒரே படம், இரண்டு வட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பதிவு செய்து தரும் எங்களிடம், பெற்றோர் வழக்கமாகக் கேட்பது இது: "எங்களுக்கு ப்ளூ-ரே கொடுங்கள், ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அதையே டிவிடியில் போட்டுவிடுங்கள்." ப்ளூ-ரே கருவி டிவிடியையும் ஓட்டும், டிவிடி கருவியோ ப்ளூ-ரேயை ஏற்காது என்பதால் கோரிக்கை நியாயமானதே. ஆனால் பெரியதைச் சுருக்கினால் சிறியது தானே கிடைத்துவிடும் என்பது காட்சிக்கு மட்டுமே பொருந்தும். எழுத்துக்கும் மெனுவுக்கும் கொள்ளளவில் சிறிய வட்டான டிவிடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ப்ளூ-ரேயின் முழு உயர்தரப் படத்தில் 1080 கிடை வரிகள் உண்டு. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறை டிவிடியில் 576 மட்டுமே. காட்சியைச் சுருக்கும்போது நிறக் கணக்கையும் டிவிடிக்கு உரியதாக மாற்றிவிட வேண்டும். தவறினால் பட்டுப்புடவையின் அரக்கு நிறம் பிறழ்ந்து தெரியும்.

எழுத்துக்கு வருவோம், எனக்கு ஆற்றாமை அதில்தான். பழைய தொலைக்காட்சியில் டிவிடியின் படம் ஒற்றை வரிகளாகவும் இரட்டை வரிகளாகவும் மாறி மாறி வரையப்படுவதால், ஒரே வரி உயரமுள்ள கோடு தோன்றுவதும் மறைவதுமாகத் துடிக்கும். நம் டகரத்துக்கும் பகரத்துக்கும் அடியில் இருப்பது அத்தகைய கிடைக்கோடுதான். புள்ளியின் நிலை இன்னும் பரிதாபம். ப்ளூ-ரேயில் அழகாக அமைத்த மெனுவை அப்படியே சுருக்கினால், வர்ணம் 'வரணம' ஆகிவிடும், தில்லானா 'திலலானா' ஆகிவிடும். (ஆங்கில எழுத்தில் போட்டுவிடலாமே என்பார்கள், அந்த யோசனை எனக்கு உடன்பாடில்லை.) சப்டைட்டிலிலும் இதே கதை. ப்ளூ-ரேயின் எழுத்துப்படம் 256 நிறங்கள் வரை கொள்ளும். டிவிடியில் ஒரு நேரத்தில் நான்கே. பின்புலத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, புறக்கோட்டுக்கு ஒன்று போனால், விளிம்பை மென்மையாக்க எஞ்சுவது ஒன்றுதான். ஆகவே தடித்த கோடும் பெரிய புள்ளியும் உள்ள எழுத்துருவை டிவிடியில் சோதித்துத் தேர்ந்த பின்னரே ப்ளூ-ரேக்குப் போக வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: எழுத்து சிறிய வட்டில் முதலில் தேற வேண்டும்.

மெனுவுக்கும் இதே முறைதான். ஆட்டம் ஓடும்போதே அதன் மேல் மெனுவை எழுப்பும் வசதி ப்ளூ-ரேயில் உண்டு. டிவிடியில் ஆட்டத்தை விட்டு மெனுப் பக்கத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். டிவிடியின் பாதையை முதலில் வகுத்துக்கொண்டால், ப்ளூ-ரேயில் மேல்மெனுவைக் கூடுதலாகச் சேர்ப்பது எளிது.

ஒலியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இரண்டு மணி நேர நிகழ்ச்சியை 4.7 ஜிபி டிவிடியில் அடைத்தால், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 5 மெகாபிட்தான் கிடைக்கும்; சுருக்காத ஸ்டீரியோ ஒலியே அதில் ஒன்றரையை விழுங்கிவிடும். எனவே அங்கே டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய ஒலி போதும். 25 ஜிபி ப்ளூ-ரேயில் மிருதங்கத்தைச் சுருக்காமலே வைத்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.