சிற்றலை கேட்டு வளர்ந்த இருவர்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் நான் வளர்ந்த வீட்டில் இரவு உணவுக்குப் பிறகு அப்பா சிற்றலை வானொலியின் குமிழைத் திருகத் தொடங்குவார். நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே எழும் சீழ்க்கையையும், ஒலிபரப்பு தொடங்குமுன் திரும்பத் திரும்ப வரும் அடையாள இசையையும் நாங்கள் பாட்டைக் கேட்பதுபோலவே கேட்டிருப்போம். அந்த ஒலிகளைப் பாட்டாகவே மதித்த இருவரைப் பற்றிப் பேசத்தான் இன்று கோலாலம்பூர் அங்காசாபுரி வானொலி நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

ஆண்டி மெக்லஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் 1978இல் லிவர்பூல் வட்டாரத்தில் தொடங்கிய குழு, ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க், சுருக்கமாக ஓ.எம்.டி. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய விமானத்தைப் பற்றி 1980இல் அவர்கள் வெளியிட்ட 'இனோலா கே' பெரும் புகழ் பெற்றது. கேட்டவுடன் முணுமுணுக்க வைக்கும், சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் எழுந்த மெட்டு அது. அந்த இனிமையே அவர்களுக்குப் பாதகமாயிற்று என்பது என் கருத்து. விமானி தன் தாயின் பெயரைச் சூட்டிய விமானம் ஒரு நகரத்தையே எரித்ததே என்ற அதிர்ச்சியை, மெட்டோடு நின்றுவிட்ட பலர் கவனிக்கவில்லை.

1983இல் 'டாஸில் ஷிப்ஸ்' தொகுப்பு வந்தது. செக்கோஸ்லோவாக்கிய வானொலியின் அடையாள இசை, பல நாடுகளின் நேரம் சொல்லும் குரல்கள், பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் பொம்மையின் பேச்சு ஆகியவற்றைப் பாடல்களுக்கு நடுவே அவர்கள் கோத்திருந்தார்கள். பனிப்போர் ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்திருந்த காலத்தில், எந்த எல்லைக் காவலும் தடுக்க முடியாத வானலைகளைக் கொண்டே அந்தக் கண்டத்தின் ஓவியத்தை வரைந்த அத்தொகுப்பை, முந்தைய தொகுப்பை விரும்பி வாங்கிய இரசிகர்களே ஒதுக்கினார்கள். அதன்பின் குழுவினர் எளிய பாடல்களுக்குத் திரும்பினார்கள். 1989இல் ஹம்ஃப்ரீஸ் விலகி, 2006இல் மீண்டும் சேர்ந்தார். இன்று 'டாஸில் ஷிப்ஸ்' அவர்களுடைய மிகத் துணிச்சலான படைப்பாகப் போற்றப்படுகிறது.

அந்தத் துணிச்சலின் தொடர்ச்சியாகவே, 2023 அக்டோபரில் வெளிவந்து பிரிட்டிஷ் இசைத்தொகுப்பு விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடம் பெற்ற 'பாவ்ஹவுஸ் ஸ்டேர்கேஸ்' தொகுப்பை நான் கேட்கிறேன். நாம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் வீட்டுக்குள் இருந்த அதே பெருந்தொற்றுக் காலத்தில் உருக்கொண்டது இது. ஜெர்மனியில் 1919இல் தோன்றிய பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் முன்பு ஆசிரியராக இருந்த ஆஸ்கர் ஷ்லெம்மர், அங்கே படியேறும் மாணவர்களை 1932இல் ஓவியமாகத் தீட்டினார். மறு ஆண்டே நாஜிகளின் நெருக்குதலால் பள்ளி மூடப்பட்டது. 'பாவ்ஹவுஸ் படிக்கட்டு' என்று பொருள்படும் தொகுப்பின் தலைப்பு அந்த ஓவியத்தை நினைவூட்டுகிறது. கலையைக் கண்டு ஆட்சியாளர்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்ற கேள்வியை அறுபது வயதைக் கடந்த இருவர் நடன மெட்டில் எழுப்புவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

'கிளெப்டோக்ரசி' என்ற பாடலும் இதில் உண்டு. கொள்ளையர் ஆட்சி என்று பொருள்படும் அச்சொல்லை, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பணம் கையாடப்பட்ட விவகாரம் வெடித்த ஆண்டுகளில் நாமும் செய்திகளில் அடிக்கடி கேட்டோம். மனிதன் பூமியை மாற்றிவிட்ட யுகத்தைப் பேசும் 'ஆந்த்ரோபொசீன்' பாடலைத்தான் நான் பலமுறை கேட்டேன். சில மென்பாடல்கள் மட்டும் என் மனத்தில் ஒட்டவில்லை.

இப்போது தலைப்புப் பாடலை ஒலிபரப்பவிருக்கிறார்கள். மெட்டு பிடித்துவிட்டால், சொற்களுக்காக இன்னொரு முறையும் கேளுங்கள்.