கீழ கடை, மேல வீடு: டாப் ஹங் ஜன்னல் போடலாமா?

பர்கூர்ல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: "கீழ ஜவுளிக்கடை, மேல வீடுன்னு கட்டுறோம். மேல்பக்கம் மாட்டி, கீழ்ப்பக்கத்தை வெளிய தள்ளித் திறக்கிற ஜன்னல் போடலாமா? தெரிஞ்சவங்க வீட்ல போட்டது ரெண்டே வருசத்துல திறந்தா நிக்க மாட்டேங்குது, படார்னு விழுது."

தாராளமா போடலாங்க. திறந்திருந்தாலும் கதவே சாய்வா கூரை மாதிரி நிக்கிறதால, தூறலுக்கு மூட வேண்டியதில்ல. ஆனா சித்திரை, வைகாசியில நம்ம பக்கம் சூறைக்காத்தோட மழை வரும் பாருங்க, அப்ப கட்டாயம் மூடணும். காத்து அடியில புகுந்து கதவைத் தூக்கினா, அதை ரெண்டு பக்கமும் தாங்குற 'ஸ்டே'ங்கிற பட்டை வளைஞ்சிடும்.

அவங்க வீட்ல விழுதுன்னா, பெரும்பாலும் கோளாறு அந்த ஸ்டேயிலதான். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை அது. பக்கவாட்டுல திறக்கிற ஜன்னலுக்கு உண்டானதையே இதுக்கும் மாட்டிடுறாங்க, இல்லன்னா சின்ன சைஸா போட்டுடுறாங்க. கதவு உயரத்துல பாதி நீளமாவது ஸ்டே வேணும். 2 அடி உயரத்துக்கு 12 இஞ்ச். எடையும் பாக்கணும். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு எம்எம் கனத்துக்கும் 2.5 கிலோ. 3 அடி அகலம், 2 அடி உயரத்துல 5 எம்எம் போட்டா கண்ணாடி மட்டுமே 7 கிலோ, பிரேமோட 10 கிலோவைத் தாண்டிடும். அந்த எடையைத் தாங்குற டாப் ஹங் ஸ்டேன்னு கேட்டு, 304 கிரேடு எஸ்எஸ்லயே வாங்குங்க. யூபிவிசி-ங்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல்னா ஸ்க்ரூ உள்ள இருக்கிற இரும்புப் பட்டையில போய்ப் பிடிக்கணும். வெறும் பிளாஸ்டிக்ல பிடிச்சா கொஞ்ச நாள்ல ஆடும்.

ஸ்டே சரியான சைஸா இருந்தும் நழுவுதுன்னா, ஸ்டேக்குள்ள நகர்ற சின்னக் கட்டையில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவா, கால் சுத்து கால் சுத்தா முறுக்குங்க. அங்க மட்டும் எண்ணெய் விடாதீங்க. அந்த உராய்வுதான் கதவை நிறுத்துது, அதுல தேங்காய் எண்ணெய் ஊத்தினா பிடிப்பும் போகும், தூசியும் அப்பும். மடங்குற மூட்டுக்கு மட்டும் வருசத்துக்கு ரெண்டு தடவை சிலிகான் ஸ்ப்ரே போதும்.

அடுத்தது கிரில். நிறைய பேர் கடைசியிலதான் இதை யோசிக்கிறாங்க, அதுல மனசு சங்கடமாத்தான் இருக்கு. கதவு வெளிய திறக்குது, அதனால கிரில், கொசுவலை ரெண்டும் உள்பக்கம்தான் வரும். அப்ப ஹேண்டிலுக்கு எப்படிக் கை போகும்? கிரில்ல அந்த இடத்தை விட்டு டிசைன் பண்ணச் சொல்லுங்க, வலையை நகர்த்துற மாதிரி வைங்க. மாடியில வெளிக்கண்ணாடியைத் துடைக்கணும்னா ஒரு கிரிலாவது கீல் வச்சு, பூட்டுப் போட்டுத் திறக்கிற மாதிரி இருக்கணும். போர் தண்ணியில கழுவினா ஈரத்தோட விடாதீங்க, வெள்ளைக்கறை பிடிச்சிடும்.

நிலையோட அடியில தண்ணி வெளியேற ஓட்டைங்க இருக்கும். பூச்சு வேலையில சிமெண்ட், பட்டி அப்பி அடைச்சிடுவாங்க. பெயிண்டுக்கு முன்னாடி அடிச்சட்டத்துல ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாருங்க, வெளிய வந்தாகணும். கீழ போடுற கிரானைட்டும் வெளிப்பக்கம் சாய்வா இருக்கட்டும். தண்ணி புகாம இருக்க ஓரத்துல வர்ற ரப்பர் பட்டையில (கேஸ்கெட்) பெயிண்ட் படக்கூடாது, இறுகிடும். அப்புறம் தண்ணி ஒழுகுறதை நிறுத்த முடியாது.

கடைக்கு, ஆள் நடக்கிற பக்கம் தலை உயரத்துல இதை வைக்காதீங்க. 2 அடிக் கதவு 45 டிகிரி திறந்தா ஏறக்குறைய ஒன்றரை அடி வெளிய நீட்டும். ஷோ கண்ணாடிக்கு மேல, தரையில இருந்து 7 அடிக்கு மேல வைங்க, கம்பாலயோ மோட்டாராலயோ திறக்கலாம். அங்க டஃபன்ட் கண்ணாடிதான் (சூடாக்கிப் பலப்படுத்தினது) போடணும். அதை அப்புறமா வெட்ட முடியாது, நிலை மாட்டி முடிஞ்சு அளவெடுத்த பிறகு ஆர்டர் குடுங்க.