கலையாத காஜல் எங்கே போகிறது?

[காட்சி: கடை கவுன்ட்டர். புறங்கையில் நான்கு கறுப்புக் கோடுகள். ஒரு விரல் அவற்றை அழுத்தித் தேய்க்கிறது.]

காஜல் வாங்கப் போன எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. விற்பனைப் பெண் உங்கள் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். அரை நிமிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அப்புறம் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார். கோடு அசையாது. "பாருங்க மேடம், அழுதாலும் கலையாது!" நாமும் பில் போட்டுவிடுவோம்.

அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் புறங்கையில் கண்ணீர் ஊறுவதில்லை. அது நிமிடத்துக்கு 15 முறை சிமிட்டுவதும் இல்லை. நிறம் எப்படி, பென்சில் வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதற்கு மேல் அங்கே ஒன்றும் தெரியாது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்கிற நாம், கடைசியில் அது எப்படிப் போகும், எங்கே போகும் என்று கேட்பதே இல்லை. இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: கீழ் இமையை லேசாக இழுத்துப் பிடித்த அண்மைக் காட்சி.]

இமை முடிகளுக்கு உள்பக்கம், ஈரமாகப் பளபளக்கிற இந்த விளிம்பைப் பாருங்கள். வாட்டர்லைன் என்பார்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் ஊசி குத்தியது போல வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு எண்ணெய்ச் சுரப்பியின் வாய். மெய்போமியன் சுரப்பி என்று பெயர். மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 இருக்கும். இவை கசியும் எண்ணெய் கண்ணீரின் மேல் ஏடாகப் படர்ந்து, அது சட்டென்று காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. நாம் மெழுகுப் பென்சிலை அழுத்தி இழுப்பது சரியாக இந்த வாய்களின் மேல்தான்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரும் அவரது குழுவும் இதை வீடியோ எடுத்தே பார்த்தார்கள். ஆய்வு வெளிவந்தது 2015-ல். மினுமினுக்கும் துகள்கள் கலந்த பென்சிலை ஒருமுறை இமை முடிகளுக்கு வெளியே, ஒருமுறை உள்விளிம்பில் தீட்ட வைத்தார்கள். உள்ளே தீட்டியபோது 5 நிமிடத்துக்குள் கண்ணீரில் 15 முதல் 30 சதவீதம் வரை கூடுதலான துகள்கள் மிதந்தன. 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை காணோம். கண் தன்னைத் தானே கழுவிக்கொண்டுவிட்டது. காலையில் எழுந்ததும் கண்ணின் ஓரத்தில் கறுப்பாகப் பீளை ஒட்டியிருக்கிறதே, அதுவும் இந்தப் பயணத்தின் மிச்சம்தான்.

இதற்காக யாரும் பயந்து மையை விட வேண்டியதில்லை. ஆனால் கண் உலர்ந்து உறுத்துகிறவர்களும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களும் கோட்டை முடி வரிசைக்கு வெளியே கொண்டுவந்துவிடுவது நல்லது. லென்ஸ்காரர்களுக்கு இன்னொன்று: லென்ஸை மாட்டிவிட்டு மேக்கப் போடுங்கள், கழற்றிவிட்டு மேக்கப்பைத் துடையுங்கள்.

[காட்சி: பித்தளைத் தட்டில் படிந்த கரி. பக்கத்தில் ஒரு காஜல் பென்சில்.]

சரி, ஒரு மை கலைவதும் இன்னொன்று கலையாததும் எதனால்? வீட்டு மையை எடுத்துக்கொள்வோம். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே பிடித்த தட்டில் படியும் கரியைச் சுரண்டி, அதே விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பார்கள். அதில் இறுகிப் போகிற சரக்கே கிடையாது. அதனால்தான் மத்தியானத்துக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும். ஐடெக்ஸ் டப்பாவை விரலால் தொட்டு இட்டுக்கொண்ட தலைமுறைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இப்போது வரும் வாட்டர்ப்ரூஃப் பென்சில்களில் ஐசோடோடெக்கேன் மாதிரி சீக்கிரம் ஆவியாகும் ஒரு திரவம் இருக்கும். மெழுகும் பாலிமரும் இருக்கும். தீட்டியதும் திரவம் பறந்துவிடும். மிச்சமிருக்கும் பாலிமர் பிளாஸ்டிக் போன்ற மெல்லிய படலமாகிக் கறுப்பு நிறமியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடையில் அந்த அரை நிமிடப் பேச்சு எதற்கு என்று இப்போது புரிகிறதா?

இந்தப் படலம் தண்ணீருக்கு மசியாது. எண்ணெய்க்கு மசியும். சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வியர்வையை விட, தோலில் ஊறும் எண்ணெய்தான் காஜலை இளக்கிக் கண்ணுக்குக் கீழே இறக்குகிறது. ஆகவே கடையில் தண்ணீர் தெளித்துக் காட்டியதும் திருப்தியாகிவிடாதீர்கள். மூக்கின் ஓரத்தை விரலால் ஒற்றி, அந்த எண்ணெயோடு கோட்டைத் தேய்த்துப் பாருங்கள். பல பென்சில்கள் அங்கேயே இழுவிவிடும்.

[காட்சி: இரண்டு அடுக்காகத் தெரியும் ரிமூவர் பாட்டில். குலுக்கியதும் கலங்குகிறது.]

துடைப்பதற்கும் அதே கணக்கு. மேலே எண்ணெய், கீழே தண்ணீர் என்று இரண்டு அடுக்காக இருக்கும் ரிமூவரைக் குலுக்கிப் பஞ்சில் ஊற்றி, மூடிய கண்ணின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அந்தக் காத்திருப்பில்தான் விஷயமே இருக்கிறது. ஊறாமல் தேய்த்தால் மை போகிறதோ இல்லையோ, இமை முடி போகும். தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும். ஆனால் பிறகு மிதமான ஃபேஸ் வாஷால் கழுவாவிட்டால் பார்வை மங்கலாகத் தெரியலாம். இந்தச் சடங்கெல்லாம் நமக்கு ஒத்துவராது என்பவர்கள், இமை முடிக்குப் பூசும் மஸ்காராவிலாவது ட்யூபிங் வகையைத் தேடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து இழுத்தால் சின்னச் சின்னக் குழல்களாகக் கழன்று கையோடு வந்துவிடும். என்னைக் கேட்டால் நம் ஊர் வெயிலுக்கு இதுதான் சரி.

கடையில் எல்லோரும் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் காஜலை மட்டும் கண்ணில் வைக்காதீர்கள். மெட்ராஸ் ஐ கிருமி பொருள்களின் மேல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்களுக்கே மெட்ராஸ் ஐ வந்து போனால், அப்போது உபயோகித்த காஜல், மஸ்காரா எல்லாம் குப்பைக்குத்தான், நேற்று வாங்கியதாக இருந்தாலும். மஸ்காராவை எப்படியும் மூன்று மாதத்தில் மாற்றுங்கள். கெட்டியாகிவிட்டதே என்று தண்ணீர் விட்டுக் கலக்காதீர்கள், அது கிருமிக்கு விருந்து. டப்பாவில் திறந்த மூடிப் படமும் 6எம் என்ற எழுத்தும் இருந்தால், திறந்ததிலிருந்து 6 மாதம் என்று அர்த்தம்.

சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கும் சுர்மா என்ற கண் மைப்பொடி பற்றியும் ஒரு வார்த்தை. பல சுர்மாக்களின் மூலப்பொருள் கலீனா என்ற ஈயத் தாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கண் மைக்கு அனுமதியே இல்லை. குழந்தைகள் கண்ணைக் கசக்கிவிட்டு அதே விரலை வாயில் வைக்கும். திருஷ்டிப் பொட்டுக்குக்கூட இது வேண்டாம்.

[காட்சி: வீங்கிய மேல் இமை. பிறகு புருவத்தில் ஹேர் டை தடவும் ஒரு கை.]

இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. அதனால் ஒவ்வாமை அங்கே முந்திக்கொண்டு தெரியும். தலைக்கு அடித்து மிஞ்சிய டையைப் புருவத்துக்குத் தடவுகிறோமே, அதிலிருக்கும் பிபிடி என்ற ரசாயனத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1930-களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயம் விற்றார்கள். அதிலும் இதே சரக்குதான். ஒரு பெண்ணுக்குப் பார்வை போனது, இன்னொருவர் இறந்தே போனார். அழகுசாதனங்களைக் கட்டுப்படுத்த 1938-ல் அங்கே சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காஜலை நிறுத்தியும் வீக்கம் வற்றவில்லையா? நகத்தைப் பாருங்கள். நெயில் பாலிஷ் ஒவ்வாமை பல பேருக்கு விரலில் தெரியாது. அந்த விரல் தொடும் இமையில்தான் தடிக்கும். தோல் டாக்டர்கள் சந்தேகப்படும் பொருள்களை வைத்த சின்னச் சின்னப் பட்டைகளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எது சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். போகும்போது காஜலோடு நெயில் பாலிஷையும் ஹேர் டை பாக்கெட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.