எந்த ஊர்ப் பானை?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் கடலூரில் சரித்திர வாத்தியாராக இருந்தவனைக் கூப்பிட்டு, உள்ளூர் அருங்காட்சியகங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வாத்தியாருக்குப் பெல் அடித்தால்தான் நிறுத்தத் தெரியும். இங்கே பெல் கிடையாதாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற தம்பி கையைக் காட்டுவாராம். பார்க்கலாம்.

போன மே மாதம் கோத்தகிரியில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தேன். இங்கே அக்னி நட்சத்திரம், அங்கே ஸ்வெட்டர். ஊருக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு என்று ஒரு கிராமம். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய வீடு அங்கே இருக்கிறது. வெகுகாலம் இடிந்து கிடந்ததைச் செப்பனிட்டு, நீலகிரி மாவட்டத்தின் பழைய படங்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று நல்ல தூறல். உள்ளே என்னைத் தவிர ஒரு படுகர் இனத்து அம்மா, எழுபது வயது இருக்கும், வெள்ளை முண்டும் தலைத்துணியுமாக. கூடப் பேரன்.

நான் வாத்தியார் புத்தியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே போனேன். அந்த அம்மா எதையும் படிக்கவில்லை. ஒரு படத்துக்கு எதிரில் நின்றார். மலைச்சரிவு, அதில் வரிசையாக வீடுகள், அவ்வளவுதான். கண்ணாடிமேல் விரலை வைத்து, "இது எங்க ஹட்டி. இந்தா, இந்த மூலையில கோயில். இதுக்குக் கீழதான் தண்ணி எடுப்போம்" என்று பேரனிடம் சொன்னார். ஹட்டி என்றால் படுகர் பேச்சில் ஊர். அவர் போன பிறகு பார்க்கிறேன், கண்ணாடியில் விரல் ரேகை அப்படியே இருக்கிறது. கீழே இருந்த சீட்டில் "ஒரு மலைக்கிராமம்" என்று மட்டும்தான் போட்டிருந்தது. படித்த எனக்கு அது ஒரு மலைக்கிராமம். படிக்காமல் பார்த்தவருக்கு அது ஊர்.

இதைத்தான் நான் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மனைவிக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்விட்டது. அருங்காட்சியகத்துக்குப் போனால் "இது எத்தனை வருஷப் பழசு?" என்று முதலில் கேட்காதீர்கள். "எந்த ஊரிலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். ஊர் தெரிந்தால் வயதைக் கண்டுபிடிக்க வழி பிறக்கும். ஊர் தெரியாத பானை, விலாசம் இல்லாத கடிதம்.

இதற்கு நம் ஊர்க்கதையே இருக்கிறது. மார்ட்டிமர் வீலர் என்கிற ஆங்கிலேயர் 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்தார். பெரிய மீசை, ராணுவ மிடுக்கு. அந்த வருஷமே சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனவர், அங்கே ஒரு அலமாரியைத் திறந்து துழாவுகிறார். கையில் ஒரு சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அகப்படுகிறது. நாமாக இருந்தால் உடைந்த பானை என்று திருப்பி வைத்திருப்போம். மத்தியதரைக் கடல் பக்கத்தில் திராட்சை மது ஏற்றி அனுப்பும் சாடி என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? அதேதான். இது எங்கே கிடைத்தது? பாண்டிச்சேரி பக்கம், அரிக்கமேடு என்றார்கள்.

உடனே ரயிலேறி வந்துவிட்டார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். இங்கே நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தூசு மூடிக் கிடந்தவற்றில், இத்தாலி அரெஸ்ஸோ ஊரில் செய்த மெல்லிய சிவப்பு மட்பாண்டத் துண்டுகளைக் கண்டார். அந்தப் பாண்டம் எந்தக் காலத்தது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலிப் பாண்டத்தோடு சேர்ந்து கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் அதை வைத்து வயது சொல்ல முடிந்தது. அதே மாதிரி நம்மூர்ப் பானை வேறெங்கே கிடைத்தாலும், அந்த இடத்துக்கும் வயது சொல்லலாம். தென்னிந்தியத் தொல்லியலுக்கு நாள்காட்டி மாட்ட ஆணி அடித்த இடம், அரிக்கமேடு இருக்கிற நம்ம காக்காயன்தோப்பு! பிற்பாடு 1989 முதல் விமலா பெக்லி அம்மையார் மறுபடி தோண்டி, வீலர் நினைத்ததைவிட ஊர் பழமையானது என்று காட்டினார். அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது அந்த அலமாரியைப் பற்றி. யாரோ ஒருவர், பெயர்கூட நமக்கு வேண்டாம், அந்தக் கைப்பிடியை வைக்கும்போது ஊர்ப்பெயரையும் சேர்த்து வைத்தார். அது இல்லாவிட்டால் வீலர் எந்த ரயிலில் ஏறியிருப்பார்?

நேர்மாறாகவும் நடக்கும். ஒரு சின்ன அருங்காட்சியகத்தில், எதென்று சொல்லமாட்டேன், தரையில் ஒரு பீரங்கிக் குண்டு. சீட்டில் "இரும்புக் குண்டு". அது எனக்கும் தெரிகிறதே! பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கே எடுத்தது என்று விசாரித்தேன். "ரொம்ப நாளா இங்கதான் சார் இருக்கு" என்றார் அங்கிருந்தவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காரணம் இருக்கிறது. கடலூர்க்காரனுக்குப் பீரங்கிக் குண்டு என்பது நிலப்பத்திரம் மாதிரி.

நேயர்களே, 1690இல் எங்கள் கடலூர்த் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அதுவரைக்கும். சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். ஆமாம், அமெரிக்காவில் இருக்கிற யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான். நல்ல பீரங்கியாகப் பார்த்து, சுடத் தெரிந்த ஆளையும் சேர்த்து அனுப்பினார். நிலம் அளக்கச் சங்கிலி அனுப்பவில்லை பாருங்கள்! குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. அந்த இரும்புக் குண்டும் அப்படி ஒரு ஊர் வயலில் விழுந்ததா, இல்லை பின்னால் வந்த பிரெஞ்சுச் சண்டையில் விழுந்ததா? சீட்டில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்திருந்தால் பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருப்பேன்.

தம்பி கை காட்டுகிறார்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கிற புஷ்புஷ் வண்டியைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு நீளக் கம்பி, முன்சக்கரத்தைத் திருப்ப. பின்னால் ஒருவர் தள்ளுவார். வழி ஒருவர் கையில், பாரம் இன்னொருவர் தோளில். போனால் அந்தக் கம்பியைக் கவனியுங்கள்.

இன்னும் அரை நிமிஷம் என்கிறார். திருவக்கரை. புதுச்சேரியிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, அவை கிடைத்த ஊரிலேயே. தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் பொல்லாதது. கையில் அடங்குகிற துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு ஷோகேஸில் அது வெறும் கல். வணக்கம்.