ஹைட்ரோலிக் டெப்பட்டை இறுக்குவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய இயந்திரத்தில், சுழலும் கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் டெப்பட் என்ற பாகத்தின் சத்தம் கேட்டவுடன் ஸ்பானரை எடுத்து, வால்வை அழுத்தித் திறக்கும் ரொக்கர் கையின் நட்டை இறுக்குவது, திருகோணமலைக் கராஜ்களில் நான் அடிக்கடி காணும் பழக்கம். ஹைட்ரோலிக் டெப்பட்டுக்கு அது பொருந்தாது.

சாதாரண டெப்பட்டில், உலோகம் சூட்டில் விரிவதற்காக ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத்தகட்டினால் அளந்து சிறு இடைவெளி விடுகிறோம். ஹைட்ரோலிக் டெப்பட்டில் இடைவெளியே இருக்கக் கூடாது. உள்ளிருக்கும் பிளஞ்சர் என்ற சிறு உந்துதண்டின் கீழ் நிரம்பும் ஒயிலே விரிவையும் தேய்மானத்தையும் ஈடுசெய்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒயிலைத்தான். மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும் என்பது பலருக்கும் தெரியும்; மட்டம் மிகக் கூடினாலும் கிராங்க் தண்டு ஒயிலைக் கடைந்து நுரையாக்கும் என்பதைச் சிலரே கவனிக்கின்றனர். உட்துறைமுக வீதிக்கும் சந்தைக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடும் வாகனத்தில், ஒயில் போதிய அளவு சூடேறாமல் கசடு சேர்ந்து டெப்பட்டின் துளைகளை அடைப்பதும் உண்டு. இயக்கியதும் சில விநாடிகள் கேட்டு மறையும் சத்தத்துக்கு எதுவும் செய்யத் தேவையில்லை.

ஒயில் சரியாக இருந்தும் சத்தம் நீடித்தால் நட்டில் கை வைக்கலாம். பழைய செவர்லே வி8 போன்றவற்றில், கிராங்கைக் கையால் சுற்றி, ஒரு சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக் வால்வையும், இன்டேக் வால்வு திறந்து பெரும்பாலும் மூடி வரும்போது எக்ஸோஸ்ட் வால்வையும் சரிசெய்ய வேண்டும். நட்டைத் தளர்த்தி, டெப்பட்டுக்கும் ரொக்கருக்கும் இடையிலுள்ள புஷ் ரொட்டை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் அசைத்தபடியே மெல்ல இறுக்குங்கள். அசைவு அற்றுப்போகும் இடமே பூச்சிய நிலை. ரொட்டைச் சுழற்றிப் பார்த்துப் பூச்சியத்தைத் தீர்மானிப்பதை நான் ஏற்பதில்லை. ஒயில் வடிந்த டெப்பட்டில், பிளஞ்சர் உள்ளே அமிழத் தொடங்கிய பின்பும் ரொட் இலகுவாகச் சுழலும். பூச்சியத்திலிருந்து அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை, அந்த இயந்திரத்தின் கைநூல் கூறும் அளவுக்கே இறுக்க வேண்டும்.

அதற்கு மேல் இறுக்கினால் சத்தம் அடங்கக்கூடும். ஆனால் பிளஞ்சர் அடியில் முட்டி வால்வு முழுதாக மூடாமல் நின்றால் கம்ப்ரஷன் கசியும். எக்ஸோஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் விளிம்பு கருகிப்போகும். ரேஞ்ச் ரோவரின் பழைய வி8 இயந்திரத்தில் இவ்வாறு திருக நட்டே கிடையாது.

சரிசெய்த பின்பும் ஒரு டெப்பட் மட்டும் சத்தமிட்டால் அதைக் கழற்றிக் கழுவலாம். ஒன்றின் பிளஞ்சரை மற்றொன்றின் கூட்டில் போட வேண்டாம். கழற்றிய டெப்பட்டை அதே துளையிலேயே திரும்பப் பூட்டுங்கள், ஏனெனில் அதன் அடிப்பாகம் அந்தக் கேமுடனேயே தேய்ந்து பொருந்தியிருக்கிறது.