முதலில் விலை, அப்புறம் சரக்கு

வணக்கம் நேயர்களே. இன்று ஒரு மதுவைப் பற்றிப் பேசப் போகிறேன். குடிக்கச் சொல்வதற்காக இல்லை. அதை விற்ற விதத்துக்காக. கிரே கூஸ் என்று பெயர். பிரான்சில் தயாராகும் வோட்கா.

பிரான்சில் தயாரானாலும் யோசனை அமெரிக்கருடையது. சிட்னி ஃபிராங்க், மது இறக்குமதியாளர். ஜெர்மனியின் யேகர்மைஸ்டர் என்ற மூலிகை மதுவை அமெரிக்க இளைஞர்களின் கொண்டாட்டங்களுக்குள் நுழைத்தவர் அவர்தான். 1996-ல் எழுபதைத் தாண்டிய வயதில் இந்த வேலையைத் தொடங்கினார்.

அன்று அமெரிக்காவில் உயர்ந்த வோட்கா என்றால் சுவீடனின் அப்சலூட். ஃபிராங்க் அதைவிடக் கொஞ்சம் மலிவாக விற்கலாம் என்று நினைக்கவில்லை. ஏறக்குறைய இருமடங்கு, புட்டி 30 டாலர் என்று விலையை முடிவு செய்தார். அப்போது அவரிடம் வடிசாலை கிடையாது, செய்முறை கிடையாது. பெயர் மட்டும் இருந்தது. அதுவும் முன்பு அவர் விற்ற ஒரு வெள்ளை ஒயினுக்கு வைத்த பழைய பெயர்!

வோட்கா என்றால் ரஷ்யா, போலந்து என்றுதானே நினைப்போம்? அவர் பிரான்சைத் தேர்ந்தெடுத்தார். ஒயின், வாசனைத் தைலம், கைப்பை என்று பிரான்சிலிருந்து வரும் எதற்கும் கூடுதல் காசு கொடுக்க அமெரிக்கர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

சரி, சரக்கை யார் செய்வது? கோனியாக் பிராந்தி தயாரிப்பில் தேர்ந்த பிரான்சுவா திபோ கிடைத்தார். வடக்கே பிக்கார்டி பகுதியின் குளிர்காலக் கோதுமையிலிருந்து வடித்த சாராயத்தைத் தென்மேற்கே கோனியாக் பகுதிக்குக் கொண்டுவந்து, ஜென்சாக்-லா-பாலூ என்ற ஊரில் சுண்ணாம்புப் பாறையினூடே வடிகட்டி வரும் நீரைக் கலந்தார்கள். கோனியாக்கை ஆண்டுக்கணக்கில் ஓக் பீப்பாயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். வோட்காவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. போட்ட பணம் சீக்கிரம் திரும்பும்.

பனி படிந்தது போன்ற மங்கலான உயரமான புட்டி, அதில் பறக்கும் வாத்துகள், பிரெஞ்சுக் கொடி. அனுப்பியதோ, நல்ல ஒயினை அனுப்புவதுபோல் மரப்பெட்டியில்.

1998-ல் சிகாகோவின் பானச் சோதனை நிறுவனம் ஒன்று சுவையில் இதற்கு முதலிடம் கொடுத்தது. ஃபிராங்க் விடுவாரா? 'உலகின் மிகச் சுவையான வோட்கா' என்று விளம்பரமாகப் போட்டுத் தள்ளினார். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. தனித்த மணமோ சுவையோ நிறமோ இல்லாததே வோட்கா என்றுதான் அன்றைய அமெரிக்க அரசு விதி சொன்னது. 2020 வரை அந்த விதி இருந்தது. சட்டப்படி சுவையே இல்லாத ஒன்றுக்குச் சுவையில் முதலிடம்!

திபோவின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பழச்சாறு கலந்த காக்டெயிலில் இந்த வோட்காவை எத்தனை பேரால் நாக்கிலேயே கண்டுபிடிக்க முடியும்? ஃபிராங்குக்கு அது தேவைப்படவும் இல்லை. மதுக்கூடத்தில் 'வோட்கா கொடு' என்று கேட்டவர், பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி 'கிரே கூஸ் கொடு' என்று கேட்டால் போதும். அந்த 30 டாலர் விலைதான் அப்படிக் கேட்க வைத்தது. மலிவாக விற்றிருந்தால் யார் பெயர் சொல்லிக் கேட்டிருப்பார்கள்?

2004-ல் பக்கார்டி நிறுவனம் 200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து கிரே கூஸை வாங்கியது. ஃபிராங்க் தன் ஊழியர்களுக்குத் தாராளமாக போனஸ் கொடுத்தார். இளமையில் பணமில்லாமல் ஒரே ஆண்டில் பாதியில் விட்டுவந்த பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு, ஏழை மாணவர்களின் படிப்புச் செலவுக்கென்று 10 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார். நன்றி, வணக்கம்.